‘ஒருவகை மீன்’

தமிழ் இலக்கியம் பயின்ற நம்மவரிடம் ஒரு சிறு சோதனை நடத்திப் பார்க்கலாம். வரால் என்பது யாது? ‘ஒருவகை மீன்’. வாளை என்பது யாது? ‘ஒருவகை மீன்’. ஆரல்? அதுவும் ஒருவகை மீன். அயிரை என்று கேட்டால் மட்டும் மதுரைப் பக்கத்து மாணவர் முகம் மலர்ந்து, ‘குழம்பு வைப்பார்களே, அது’ என்று விடை பகர்வார். அந்த ஒரு விடையில்தான் உயிர் இருக்கிறது. ஏனையவை உரைநூலிலிருந்து கைந்நூலுக்கும், கைந்நூலிலிருந்து விடைத்தாளுக்கும் இடம்பெயர்ந்த வெற்றுச் சொற்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதியைத் தொகுத்தோர் மீது நாம் குறை கூற வரவில்லை. 1924 முதல் 1936 வரை வெளிவந்த அதன் தொகுதிகளில் மீன்பெயர்களுக்கு இயன்றவரை அறிவியற் பெயரும் தேடித் தந்திருக்கிறார்கள். அதற்கும் முன்னரே, 1875-க்கும் 1878-க்கும் இடையே இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட பிரான்சிஸ் டே என்னும் சென்னை இராணுவ மருத்துவர், இங்குள்ள மீனவரிடம் கேட்டறிந்த தமிழ்ப்பெயர்களைத் தம் செவிக்கு எட்டிய வகையில் பதிவு செய்தார். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்னும் டேனியப் படை அதிகாரி, குளத்தருகே நின்ற பனையின் பட்டைப் பிளவில் ஒரு மீனைக் கண்டதாக எழுதியது 1797-இல் இலண்டனில் அச்சாயிற்று. அம்மீனை நம்மவர் பனையேறி என்று அழைத்து வந்தனர். அயலவர் இவ்வளவு அலைந்து தேடியதை, சொந்தக் குளத்தின் கரையிலிருக்கும் நாம் ‘ஒருவகை மீன்’ என்ற இரு சொற்களில் முடித்துக்கொண்டோம். இந்தச் சோம்பலின் மீதே நமது வழக்கு.

இதற்கு மருந்து இன்னுமொரு கருத்தரங்கம் அன்று. ஒரு மூங்கிற்கழி, ஒரு முழ நூலைவிடச் சற்றே நீண்ட நரம்பு, ஒரு முள், நான்கு மண்புழு. தமிழ் படித்தோர் நன்னீரில் தூண்டிலிடத் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து. நகைக்க வேண்டியதில்லை, காரணம் கூறுகிறோம்.

குறுந்தொகையின் ஐம்பத்து நான்காம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர் பாடிய உவமையையே பெயராக்கி மீனெறி தூண்டிலார் என்று வழங்குகிறோம். தினைக்காவலரின் கவணொலிக்கு அஞ்சிய யானை, தான் வளைத்த பசுமூங்கிலைக் கைவிட, அது மீனைப் பற்றிய தூண்டில் போல மேலெழுகிறது என்பது அவ்வுவமை. வகுப்பறையில் இதை விளக்குவோர் ‘வேகமாக மேலே செல்லும்’ என்று கூறி நகர்ந்துவிடுவர். தூண்டிற்கழியும் மூங்கில்தான் என்பதைச் சொல்வோர் சிலரே. கழியின் நுனி வளைந்து, கையிலிருந்த கனம் சட்டென்று விடுபட்டு, கழி தன் இயல்பான நிமிர்வுக்குத் திரும்பும் அந்த நொடியை உணர்ந்தோர் அவரினும் சிலர். உவமையும் பொருளும் ஒரே மூங்கில் என்பதே அப்பாடலின் நுட்பம். இதை உணர ஆராய்ச்சிப் பட்டம் வேண்டா. ஒரு காலைப்பொழுது போதும்.

எட்டாம் பாடலில் வயலோரத்து மாமரத்திலிருந்து கனிந்து விழும் பழத்தைப் பொய்கை வாளை கவ்வுகிறது. ‘முயற்சியின்றி இன்பம் பெறுதல்’ என்று உள்ளுறை எழுதி மதிப்பெண் பெறுகிறோம். நல்லது. ஆனால் எந்த வாளை? இன்று கடலோரச் சந்தையில் வாளை என்று கேட்டால் வெள்ளிப் பட்டை போன்ற நெடிய கடல்மீனைத் தருவார்கள். நகரத்து மாணவர் அதையே மனத்தில் வைத்துக்கொண்டு அப்பாடலைப் படிக்கிறார். அது குளத்துக்கு வாராது. குளத்து வாளை வேறு. செதிலற்ற உடல், காதளவு கிழிந்த வாய், உள்ளே வரிசை வரிசையாகப் பற்கள். சிறுமீன்களை வேட்டையாடி வாழும் ஊனுண்ணி அது. அப்படியாயின் பழத்தை ஏன் கவ்வ வேண்டும் என்று ஒரு தூண்டிற்காரர் உடனே கேட்பார். அவரே விடையும் சொல்வார். நீர்ப்பரப்பில் ‘தொப்’பென்று விழும் எதையும் வேட்டைமீன் முதலில் கவ்வும், பிறகுதான் இன்னதென்று ஆராயும். புலவர் ‘உண்ணும்’ என்று பாடவில்லை, கவ்வுவதைக் குறிக்கும் கதுவுதல் என்னும் வினையைத்தான் ஆண்டார். பசியன்று, பாய்ச்சல். பரத்தை தலைவனைப் பற்றிச் சொல்ல வந்ததற்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

இருபத்தைந்தாம் பாடலும் அப்படியே. தலைவியின் களவு மணத்துக்கு வேறு சாட்சி இல்லை, ஓடும் நீரில் ஆரலை எதிர்பார்த்து நின்ற குருகு ஒன்றே உண்டு என்று கபிலர் பாடியதை அறியாதார் இல்லை. ஆரல் எத்தகையது? பாம்பு போன்ற மெல்லுடல், கூரிய மூக்கு, முதுகு நெடுகச் சிறு முட்கள். பகலெல்லாம் மணலிலும் சேற்றிலும் புதைந்து கிடந்து, இருள் கவியும்போது வெளிப்படுவது அதன் வழக்கம். அதைப் பிடிக்க நிற்கும் பறவை நீரை விட்டுக் கண்ணை எடுக்க இயலாது. சாட்சியாக நின்றதும் சாட்சி சொல்லத் தகுதியற்றதாயிற்று. ஆரலுக்குப் பதில் ‘ஒருவகை மீன்’ என்று எழுதியவர், தலைவியின் கையறு நிலையில் பாதியை அழித்துவிட்டார் என்றே நாம் சொல்வோம்.

இனித் தொடங்கும் முறை. இங்கே நாம் மற்றொரு கூட்டத்தாரோடும் மோத வேண்டியிருக்கிறது. தூண்டில் பற்றி அறிய விரும்பும் இளைஞர் இன்று முதலில் காண்பது காணொளி. அதில் வருபவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, சுழல்வட்டு பூட்டிய கண்ணாடியிழைக் கழியையும் நெகிழி மீன்குஞ்சுகள் நிறைந்த பெட்டியையும் காட்டி, இவை இன்றித் தொடங்கலாகாது என்கிறார். வாங்கியவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நரம்புச் சிக்கலை அவிழ்த்துவிட்டு, மூன்றாம் ஞாயிறு அப்பொருளைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறார். சுழல்வட்டு தொலைவில் எறிவதற்கானது. தொடங்குபவருக்கு வேண்டிய மீன் தொலைவில் இல்லை. அவர் காலடியிலிருந்து பத்தடிக்குள், மடையோரத்திலும் அல்லிக்கொடி விளிம்பிலும் மேய்ந்துகொண்டிருக்கிறது.

எட்டு முதல் பத்தடி நீளத்தில், நுனி மெலிந்த மூங்கிற்கழி ஒன்று போதும். கழியின் நீளத்துக்கு ஏறத்தாழச் சமமாக மெல்லிய நரம்பு. பெருநரம்பு வலிமை என்று எண்ணுவது மயக்கம். தடித்த நரம்பைக் கண்ட கெண்டை இரையை முகர்ந்துவிட்டுப் போய்விடும். முள்ளும் சிறியதாக இருக்கட்டும். எண் கூடக் கூட முள் சிறுக்கும் என்பது கடைக்குப் புதிதாகச் செல்வோரைக் குழப்பும் கணக்கு. கெண்டைக்குப் பத்துக்கு மேற்பட்ட எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். முள்ளுக்கு ஒரு சாண் மேலே சிறு ஈயக்குண்டு. அதற்கும் மேலே தக்கை. நெட்டித் துண்டோ, பழைய செருப்பின் இரப்பரில் வெட்டிய துணுக்கோ போதும். ஊர்ச் சிறுவர் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், நம்மைவிட அதிகம் பிடிக்கவும் செய்கிறார்கள். இரை தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்குமாறு தக்கையை ஏற்றி இறக்கிச் சரிசெய்வதே முதல் அரைமணி நேர வேலை. நீரின் ஆழத்தை அறிவதும் அதுவே.

இரைக்கு வாழைத்தோட்டத்து ஈரமண்ணில் மண்புழு கிடைக்கும். அதைத் தொட அருவருப்போர் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து மிளகளவு உருட்டிக்கொள்ளலாம். விடிந்து இரண்டு மணி நேரமும், பொழுது சாயும் வேளையும் நல்லவை. உச்சிவெயிலில் மீனும் நிழல் தேடும், நாமும் தேடுவதே நலம்.

‘பேசாதே, மீன் ஓடிவிடும்’ என்று தூண்டிற்காரர் பிறரை அதட்டுவதுண்டு. நம் பேச்சொலியில் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். மீனை விரட்டுவது காலடி அதிர்வு. மீனின் இரு விலாவிலும் தலை முதல் வால் வரை ஓடும் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். நீரின் அசைவை உணரும் புலன் அங்கே இருக்கிறது. ஆகவே கரையில் மெல்ல நடந்து, தாழ அமர்ந்து, நம் நிழல் நீரில் விழாத பக்கத்தைத் தெரிந்துகொண்டால், பக்கத்திலிருப்பவரோடு இலக்கியமே பேசலாம்.

தக்கை அசையத் தொடங்கியதும் புதியவர் செய்வது ஒன்றே: கழியைத் தலைக்கு மேல் வீசி இழுப்பது. சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் ஒரு முதியவர் எம்மிடம் கூறியதை அப்படியே தருகிறோம். “வாத்தியாரய்யா, தக்கை ஆடுனா அது ருசி பாக்குது. விடுங்க. அமுங்கி ஒரு பக்கமா ஓடுச்சுன்னா அதுதான் கவ்வுனது. அப்பவும் வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, மணிக்கட்டை மட்டும் நிமித்துங்க.” “எவ்வளவு நேரம் பொறுக்கணும் ஐயா?” என்றோம். “ரொம்பப் பொறுத்தா முழுங்கிரும்ல” என்று சிரித்தார். முந்தியும் பிந்தியும் கெடாத அந்த இடைவெளிதான் தூண்டிற்கலை முழுவதும். பிந்தினால் என்னாகும் என்பதற்குத் திருக்குறளின் சூது அதிகாரமே சான்று. அதன் முதற்குறளில் மீன் விழுங்கும் ‘பொன்’ இரும்பு முள்தான் என்று உரைகாரர் சொல்வது பொருத்தமே. விழுங்கிய முள்ளைப் பிடுங்கினால் குடலோடு வரும். சிறுமீனாக இருந்து, அதை விட்டுவிட எண்ணினால், நரம்பை வாயோரத்தில் அறுத்துவிடுவது நலம்.

கையில் வந்த மீனைப் பிடிக்கும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும்; உலர்ந்த கை மீனின் வழுவழுப்புப் படலத்தை உரித்துவிடும். கெளுத்தியாயின் முதுகிலும் செவுளுக்குப் பின்னே இரு பக்கத்திலும் நிமிர்ந்து நிற்கும் முட்களைக் கவனிக்க வேண்டும். தேளி அதனினும் கொடியது. அதன் பக்க முள்ளில் நஞ்சுண்டு. பெயரிலேயே தேள் இருக்கிறது. அதை ‘ஒருவகை மீன்’ என்று கருதிப் பற்றியவர் அன்றிரவு உறங்கமாட்டார். உரைநூலில் செய்த பிழைக்குத் தண்டனை இல்லை, கரையில் உண்டு!

எதைப் பிடிக்கலாம், எதை விடவேண்டும் என்பதில் நாம் சற்றுக் கடுமையாகவே இருக்க விரும்புகிறோம். மழைக்காலத்தை ஒட்டிக் குளத்து ஓரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் திரளாக மேலெழுந்து மேலெழுந்து அமிழ்வதைக் காணலாம். அவை வராற்குஞ்சுகள். அவற்றின் கீழே தாயோ தந்தையோ காவல் நிற்கும். அவ்வேளையில் ஒரு தவளையை அத்திரள் மீது எறிந்தால் காவல் மீன் சினந்து பாய்ந்து கவ்வும், பிடிப்பது எளிது. அந்த எளிமையைப் பெருமையாகப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். காவல் போனபின் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் விரைவில் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனைப் பிடித்ததாகச் சொல்பவர் உண்மையில் ஒரு தலைமுறையைப் பிடித்திருக்கிறார். மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிக்கும் என்று நம் சமய மரபில் ஒரு வழக்கு உண்டல்லவா, மீனாட்சியின் பெயருக்கும் அதைக் காரணம் காட்டுவார்கள். குஞ்சுகளின் கீழே இமையாது நிற்கும் வராலைக் கண்ட எவரோதான் அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்பது எம் ஊகம். ஊகம் தவறாயினும் ஆகுக, அந்த மீனின் மீது முள் வீசலாகாது. புதுவெள்ளம் வரும்போது கலுங்கில் நீரை எதிர்த்து ஏறும் சினை மீன்களுக்கும் இதே நீதி.

மாறாக ஜிலேபியைப் பிடித்தால் திரும்ப விடவே வேண்டா. ஆப்பிரிக்காவின் கிழக்குக்கரை ஆறுகளுக்கு உரிய அம்மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பெண்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பதால் பெருகுவதில் அதற்கு நிகரில்லை. நாட்டுக் கெண்டைகள் ஒடுங்கிய குளங்களில் அதுவே அரசோச்சுகிறது. கட்லாவும் ரோகுவும் கூட வடபுலத்து ஆறுகளிலிருந்து வந்து குளங்களில் விடப்பட்டவையே. ஆனால் அவை பெரும்பாலும் குத்தகைதாரர் விலை கொடுத்து விட்ட குஞ்சுகளாக இருக்கும் என்பதால் நியாயம் வேறாகிறது. மீன்பாசிக் குத்தகை விடப்பட்ட கண்மாயில் கேளாமல் தூண்டிலிடுவது திருட்டு. கேட்டால் பெரும்பாலும் ‘கம்புத் தூண்டில்தானே, போடுங்க’ என்பார்கள். சுழல்வட்டோடு சென்று கேட்பவருக்கு அந்த விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. சரணாலய எல்லைக்குள் இருக்கும் நீர்நிலைகளை அடியோடு மறந்துவிட வேண்டும். காவிரியின் திமில்கொண்ட மாசீர் மீன் 2018-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பன்னாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதைத் தூண்டிலில் பிடித்துப் படமெடுத்து மகிழ்ந்த காலம் முடிந்துவிட்டது. வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897-ஆம் ஆண்டுச் சட்டம் முதலே குற்றம். இதை இலக்கிய வாசகருக்குச் சொல்ல வேண்டிய தேவை இராது என நம்புகிறோம்.

மணல் அள்ளிய ஆற்றுப்படுகைகளில் முழங்கால் நீருக்கு அடுத்த அடியே ஆளை விழுங்கும் பள்ளமாக இருக்கும். இறங்காதீர்கள். திறந்திருக்கும் மதகின் அருகே உட்காராதீர்கள். அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவராதீர்கள். கொக்கின் காலைச் சுற்றினால் அது அறுத்துக்கொள்ள வழியில்லை.

இவ்வளவும் எழுதியபின் எழக்கூடிய எதிர்ப்புகளை நாம் அறிவோம். கொல்லாமை நெறியினர் மறுத்தால் நாம் வாதிட மாட்டோம். அவர் நிலை முழுமையானது, அதற்கு நம்மிடம் விடை இல்லை. ஆனால் எம்மோடு உரையாடிய பேராசிரியர் ஒருவரின் மறுப்பு வேறு. சந்தையில் வெட்டிக் கழுவிய மீனை வாரந்தோறும் வாங்கும் அவர், “கல்லூரி ஆசிரியர் கரையில் குந்தித் தூண்டில் போடுவதா? அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்களே” என்றார். ‘அதற்கென்று ஆட்கள்’ என்ற தொடருக்குள் இருக்கும் சாதி மணத்தை அவர் உணரவில்லை, அல்லது உணர்ந்தே சொன்னார். மீன் பெயர்கள் உரைநூலில் ஏன் செத்தன என்பதற்கு அவர் தம்மையறியாமலே விளக்கம் தந்துவிட்டார். பெயரறிந்தவர் வகுப்புக்குள் வரவில்லை, வகுப்பெடுத்தவர் கரைக்குப் போகவில்லை. மீனைத் தொட்ட கையும் ஏட்டைத் தொட்ட கையும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று விரும்பிய சமூகத்தில் ‘ஒருவகை மீன்’ என்பதைக் காட்டிலும் சிறந்த உரை எப்படித் தோன்றும்? சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியிலிருந்த எச். எஸ். தாமஸ், இந்தியக் குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றி மட்டுமே 1887-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். மாவட்ட ஆட்சியர் பதவி வகித்தவருக்கு அது இழுக்காகப் படவில்லை. நமக்குத்தான் படுகிறது.

‘சோம்பேறியின் பொழுதுபோக்கு’ என்பது மற்றொரு வசை. தக்கையின் மீது இரண்டு மணி நேரம் கண்ணை நிறுத்திப் பார்த்துவிட்டு இதைச் சொல்லட்டும்.

ஆகவே நண்பர்கள் கழியோடு ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பிடித்த மீனைக் கரையிலிருப்போரிடம் காட்டிப் பெயர் கேளுங்கள். ஒரே மீனுக்குத் தஞ்சையில் ஒரு பெயரும் நெல்லையில் வேறொரு பெயரும் இருக்கும். அகராதியைக் காட்டி அவர்களைத் திருத்த முற்படாதீர்கள். சொன்னதைச் சொன்னபடியே, ஊர்ப்பெயரோடும் நாளோடும் எழுதுங்கள். முடிந்தால் முதியவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: உங்கள் குளத்தில் வாளையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? நாம் கேட்ட மூன்று கண்மாய்களில் இரண்டில், கைவிரலால் ஆண்டுகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். உங்கள் ஊர் விடையை எழுதுங்கள்.